அவள் பெங்காலியில்தான் அழுவாள்

என் மச்சாளுக்கு வருத்தம் என்று ஒன்று வந்ததே கிடையாது. அதாவது, தமிழில் கேட்டால் அப்படித்தான் சொல்வாள். காய்ச்சலில் முகம் சிவந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கதிரையில் குந்தியிருக்கும்போது கேட்டாலும், "எனக்கென்ன மச்சாள், நல்லா இருக்கிறன்" என்பாள். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போயிற்று. நான் முன்பள்ளி ஆசிரியை. காலையில் இருபத்தைந்து பிள்ளைகள் தங்களுக்கு எங்கே நோகிறது என்று வாய் ஓயாமல் சொல்லிக் களைக்க வைப்பார்கள். வீட்டுக்கு வந்தால், ஒன்றும் நோகவில்லை என்று சொல்லிக் களைக்க வைக்க இவள்.

மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. கடைசி யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு, ஜோர்தானில் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். பன்னிரண்டு வருடம் கழித்து, இனிப் போகமாட்டேன் என்று சொல்லி, வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். ஒன்பது மாதம் எங்களுடன் இருந்தாள். அந்த ஒன்பது மாதத்தில் அவளைப் பற்றி நான் அறிந்துகொண்டது, பன்னிரண்டு வருடம் போனில் அறிந்ததைவிடக் கொஞ்சம்தான் கூட.

ஜோர்தானில் அவளுக்குக் கிடைத்த அறையில் எட்டுக் கட்டில்களாம். மற்ற ஏழிலும் பங்களாதேஷ் பெண்கள். தமிழில் ஒரு வார்த்தை கதைக்க ஒரு ஆள் இல்லை. முதல் ஆறு மாதம் கையைக் காட்டிக் காட்டியே காலத்தை ஓட்டியிருக்கிறாள். பிறகு பெங்காலி வந்துவிட்டது. யாரும் படிப்பிக்கவில்லை. இன்றுவரை அவளுக்கு அதில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. சோறு, தண்ணீர், குளியலறைக்கு முன்னால் வரிசை, ஊசி உடைந்தால் வருகிற கோபம், காய்ச்சல், ஊர் நினைப்பு என்று எது எப்போது தேவைப்பட்டதோ அந்த ஒழுங்கில் அது அவளுக்குள் போயிருக்கிறது. ஊர் நினைப்புக்கும் கோபத்துக்கும் அவள் தமிழைப் பாவித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

வந்த புதிதில் எங்களுக்கு அது பகிடியாக இருந்தது. கோழி குசினிக்குள் வந்தால் பெங்காலியில் துரத்துவாள். எங்கள் கோழிகளும் வெட்கமில்லாமல் ஓடும். கொடியில் உடுப்புக் காயும்போது மழை வந்தால், "தாராதாரி! தாராதாரி!" என்று கத்திக்கொண்டு முற்றத்துக்குப் பாய்வாள். கெதியாக, கெதியாக என்று அர்த்தமாம். "மழைக்கு உன்ர பாஷை விளங்குதோ இல்லையோ, எனக்கு நெஞ்சு பதறுது" என்பார் என் கணவர். அவள் சிரிப்பாள். அவளுடைய தமிழ்ச் சிரிப்பு ஒன்று உண்டு. உதட்டோடு நின்றுவிடும்.

மற்றச் சிரிப்பை நான் குசினியில்தான் பார்த்தேன். அந்த அறையில் அவளோடு இருந்தவர்களில் மூத்தவள் ஒருத்தி, இவள் ஆபா என்று கூப்பிடுபவள், இப்போது தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஆபா என்றால் அக்கா. தினமும் பத்து மணியளவில் ஆபாவிடமிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வரும். போனை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு இவள் வேலை செய்வாள். அந்தப் பக்கம் ஆபா மீன் வெட்டுவாள், இந்தப் பக்கம் இவள் திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவாள். பல நேரம் கதையே இருக்காது, இரண்டு குசினிகளின் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு திடீரென்று இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சில நாட்களில் அழுவார்கள். மொழி தெரியாவிட்டாலும் அழுகை தெரியாமல் போகுமா? ஒருநாள் கண்ணீர் தேங்காய்ப்பூவுக்குள் விழுகிற அளவுக்கு அழுதாள். நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் முழங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"என்ன மச்சாள்?" என்றேன்.

"ஒண்டுமில்லை. ஆபாவுக்கு ஒரே பகிடி."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் உன் பிள்ளையை வளர்த்தவள் நான். எங்கேயோ கடல் தாண்டி மீன் வெட்டுகிறவளுக்குத் தெரிகிற உன் கவலை எனக்குத் தெரியக்கூடாதா? கேட்கவில்லை. கேட்டிருந்தால், நல்லாத்தான் இருக்கிறன் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் அவளை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அந்தப் பன்னிரண்டு வருடமும் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருந்தது. ஜோர்தானில் வெள்ளிதான் விடுமுறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை இழுத்து, வெளிச்சம் விழுகிற பக்கமாகக் கதிரையில் இருத்துவேன். முதலில் குரல் மட்டும், பிறகு படத்தோடு. காற்றில் கூரை பிய்ந்துபோன வருடம், நல்லாக இருந்த ஒரே சுவரின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டோம். பிள்ளை டெங்கில் கிடந்த கிழமை, பாடசாலைச் சுற்றுலா போய்விட்டாள் என்றோம். கணவர் உழவு யந்திரத்தில் இருந்து விழுந்து கையை முறித்தபோது அவரைப் படத்துக்குள் விடவில்லை. தூரத்தில் தனியாக இருப்பவளின் தலையில் இதையும் ஏற்றுவதா என்பது எங்கள் நியாயம். நாங்கள் இங்கே அந்தரப்படக்கூடாது என்பது அவளுடைய நியாயம். நல்ல எண்ணத்தில்தான் இரண்டு பக்கமும் பொய் சொன்னோம். பிள்ளை நடுவில் இருந்து, "நான் நல்லா இருக்கிறன் அம்மா, சாப்பிட்டனான், படிக்கிறன்" என்று பாடமாக்கியதை ஒப்புவிப்பாள். "கெதியா வருவன் பிள்ளை" என்று மச்சாளும் ஒப்புவிப்பாள்.

மச்சாளுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. கதைத்து முடிந்ததும் அழைப்பை வெட்டமாட்டாள். "சரி, வைக்கிறன்" என்று சொல்வாள். போனை அப்படியே கட்டிலில் குப்புறக் கவிழ்த்துவிட்டு எழும்பிவிடுவாள். தொழிற்சாலையில் மெஷினை நிற்பாட்ட ஒருவன், துணியை எடுக்க ஒருவன் இருப்பார்கள். முடித்து வைப்பது தன் வேலை இல்லை என்று பழகிவிட்டாளோ என்னவோ. இந்தப் பக்கம் பிள்ளையும் வெட்டமாட்டாள். இருட்டுத் திரையைக் காதில் வைத்துக்கொண்டு அரை மணி, முக்கால் மணி குந்தியிருப்பாள். நான் கண்டிருக்கிறேன். தாயை விட மனம் வரவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டு சோற்றைப் போடப் போய்விடுவேன்.

அவள் திரும்பி வந்தபோது பிள்ளைக்குப் பதினாறு. தாயும் மகளும் ஒரே வீட்டில் முகத்துக்கு முகம் கதைக்கத் தெரியாமல் தவித்தார்கள். மேசையில் எதிரெதிரே இருந்தால், "சாப்பிட்டியா?" "ஓம்." "காணுமா?" "காணும்." அவ்வளவுதான். பிறகு மச்சாள் கிணற்றடிக்குப் போய், அங்கிருந்து அறைக்குள் இருக்கும் மகளுக்கு போன் எடுப்பாள். போனில் கொஞ்சம் கதை வரும். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல சீலை உடுத்துப் பவுடர் போட்டுக்கொண்டு கிணற்றுக் கட்டில் போனும் கையுமாக இருந்தவளைக் கண்டு எனக்குச் சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று தெரியவில்லை.

"உள்ளுக்குப் போய் முகத்தைப் பார்த்துக் கதையுமன் மச்சாள்," என்றேன்.

"உள்ளுக்குப் போனா என்னத்தைக் கதைக்கிற எண்டு தெரியேல்ல மச்சாள்," என்றாள். பிறகு, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவள்போல உடனே, "பரவாயில்லை, எல்லாம் பழகீடும்" என்று அதை மூடிவிட்டாள்.

எட்டாவது மாதம் அவளுக்குப் பல் கொதி வந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனாள். அடுத்த கிழமையும் போனாள். அதற்கடுத்த கிழமை காலையிலேயே குளித்து வெளிக்கிட்டு, ஒரு பைக்குள் கடதாசிகள் வைத்துக்கொண்டு போனாள். பல்லுக்கு எதற்குக் கடதாசி என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் மூடிவைத்ததை மற்றவர் திறப்பதில்லை. "இப்ப எப்பிடி?" என்று கேட்டேன். "சுகம்" என்றாள். நானும் திருப்திப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன்.

பிள்ளை சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை, முன்பள்ளி இல்லாததால் நானும் வீட்டில்தான். பத்து மணிக்கு ஆபா வந்துவிட்டாள், உப்புப் போத்தலில் சாய்ந்தபடி. மச்சாள் தேங்காய் திருவ, நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பிள்ளை குசினி வாசலில் நிலையில் சாய்ந்து நின்றாள். ஆபா ஏதோ கேட்டாள். மச்சாள் திருவுவதை நிறுத்தாமல், கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதுபோல ஒரு குரலில் நீளமாகப் பதில் சொன்னாள். எனக்கு அதில் மேயே என்ற ஒரு சொல் மட்டும் விளங்கிற்று. மகள்.

வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. "ஆமி ஜானி, மா. ஷொப் ஜானி."

மச்சாளின் கை திருவலையிலேயே நின்றது. நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் தாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். போனுக்குள் ஆபா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "கொதா போலோ" என்று சொல்லிவிட்டு அவளாகவே அழைப்பை வெட்டினாள். கதையுங்கோ என்று சொன்னாளாம். மற்றதற்கும் பிள்ளைதான் பிறகு எனக்கு அர்த்தம் சொன்னாள். எனக்குத் தெரியும் அம்மா. எல்லாம் தெரியும்.

"எப்ப இருந்து?" என்று மச்சாள் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

"மூண்டாம் வகுப்பில இருந்து கொஞ்சம் கொஞ்சமா. நீங்க போனை வெட்டமாட்டீங்கள்தானே. பிறகு யூடியூப்பில நாடகம் பார்த்தனான். மாமி ஹிந்திப் படம் பாக்கிறன் எண்டு பேசுறவா."

உண்மைதான், ஏசியிருக்கிறேன். இரண்டு தரம் போனைப் பறித்தும் வைத்திருக்கிறேன்.

"நீங்க பல்லுக்குப் போகேல்ல," என்றாள் பிள்ளை. "ஏஜென்சிக்குப் போனனீங்கள். மெடிக்கலும் முடிஞ்சுது. வாற மாதம் திரும்பப் போறீங்கள். அண்டைக்கு ஆபாவுக்குச் சொன்னனீங்கள், ஆமார் மேயே ஆமாரே சினே நா எண்டு. என்ர மகளுக்கு என்னைத் தெரியாது எண்டு. எனக்கு உங்களைத் தெரியும். ஜோர்தானில நடந்த உங்கட வயித்து ஒப்பரேசன் தெரியும். நீங்க ஆஸ்பத்திரியில இருந்த கிழமை நான் தனியப் பிள்ளையார் கோயிலுக்குப் போனனான்." நிலையை விட்டு உள்ளே வந்தாள். "நாலு வயசில பாண் வாங்கப் போறன் எண்டுதானே சொல்லிப் போட்டுப் போனனீங்கள்? இந்த முறையும் பாண் வாங்கத்தான் போறீங்களோ?"

வயிற்று ஒப்பரேசன் எனக்கும் தெரியாது. அந்தக் கிழமைகளில் வேலை கூட என்று சொன்னவள்.

இந்த இடத்தில் நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரமும் மச்சாளின் பொய்களையே எழுதிக்கொண்டு வந்தேன். என் பொய் இது. பிள்ளை ஐந்து வயதில் இருந்து என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். நான் பழக்கவில்லை, அவளாக வந்தது. நான் தடுக்கவும் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் கதிரையில் இருத்தும்போது, "போனில மாமி எண்டு சொல்ல வேணும், சரியோ?" என்று சொல்லிக் கொடுப்பேன். கெட்டிக்காரி, ஒருநாளும் பிசகவில்லை. ஆனால் ஒன்பது வயதில் திடீரென்று எல்லா நாளும் மாமி ஆகிவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? நானே பழக்கிய சொல் நிலைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகள் தாயைத் தேடி அழும்போது எனக்கும் அழுகை வரும். ஏழு வருடம் அப்படிப் போயிற்று.

அன்றைக்குக் குசினியில் பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"நான் உங்களை அம்மா எண்டு கூப்பிட்டதை அவா கேட்டிட்டா மாமி. ஒரு வெள்ளிக்கிழமை கதைச்சு முடிஞ்சு, அம்மா, விளையாடப் போகட்டே எண்டு உங்களைக் கேட்டனான். நீங்களும் போ ராசாத்தி எண்டு சொன்னனீங்கள். போன் வெட்டேல்ல. நான் திரும்பி வந்து எடுக்க, அவா அந்த அறையில எல்லாருக்கும் சொல்லி அழுறா. என்ர மகள் இனி என்ர இல்லை எண்டு. அதாலதான் அந்தச் சொல்லை விட்டனான்."

ஒன்பது வயது. ஒருத்தி அழக்கூடாது என்று இன்னொருத்தியைக் கூப்பிடுகிற சொல்லை ஒரு பிள்ளை தனியாக முடிவெடுத்து நிறுத்தியிருக்கிறது. நான் பக்கத்தில் இருந்து சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

மச்சாள் திருவலையில் இருந்து எழும்பவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பவள்போலச் சொன்னாள். "எனக்கு உங்களில எரிச்சல், மச்சாள். பெரிய எரிச்சல். நீங்க அவளுக்குத் தலை இழுத்து விடுறதைப் படத்தில பாக்கேக்க, போனைத் தூக்கி அடிக்க வேணும்போல இருக்கும். நல்லா வளத்து வைச்சிருக்கிறீங்கள் மச்சாள் எண்டுதான் வாய் சொல்லும்."

பன்னிரண்டு வருடத்தில் அவள் எனக்குத் தமிழில் சொன்ன முதல் உண்மை அது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு பெரிய ஆறுதல். பாரம் சுமந்து நடந்தவனுக்கு இறக்கி வை என்று யாரோ சொன்னதுபோல இருந்தது.

"எனக்கும் உம்மில எரிச்சல்தான்," என்றேன். "கிழமைக்கு ஒருக்கால் போன் எடுக்கிற ஆள் தாய். ஏழு நாளும் பேன் பாக்கிற ஆள் மாமி. எரியாதோ?"

பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தாயின் முன்னால் நிலத்தில் குந்தினாள். "எத்தினை வருசம்?" என்று கேட்டாள்.

"மூண்டு."

"ஏன்?"

"காசுக்கு மட்டும் இல்லை பிள்ளை. அங்க மெஷினில குந்தினா நான் ஆரெண்டு எனக்குத் தெரியும். இஞ்ச எழும்பினா எங்க நிக்கிற, எங்க இருக்கிற எண்டே தெரியேல்ல. விருந்தாளி மாதிரிக் கிடக்கு. உன்னில பிழை இல்லை."

"திரும்பி வருவீங்களோ?"

கெதியா வருவன் என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். "வருவன் எண்டுதான் நினைக்கிறன்," என்றாள். "சத்தியமாச் சொல்லத் தெரியேல்ல."

பிள்ளை அழுதாள். நாலு வயதில் அழுதிருக்க வேண்டியதையும் சேர்த்து அழுதாள். மச்சாளும் அழுதாள். அன்றைக்குச் சமையல் நடக்கவில்லை. கணவர் வயலால் வந்து, மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கடைக்குப் போய்ச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் அவள் போனாள். போகிற நாளையும் நேரத்தையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனாள். வவுனியா பஸ் நிலையத்தில் காலை வெயிலில் நின்று பிள்ளை கை காட்டினாள். திரும்பி வரும் வழியில் எங்கள் பஸ் நெளுக்குளச் சந்தியை நெருங்கியபோது, நான் யன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். அந்தக் குசினிச் சனிக்கிழமைக்குப் பிறகு பிள்ளை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே நாட்களை ஓட்டியிருந்தாள். இப்போது என் தோளைத் தட்டினாள்.

"அம்மா, எழும்புங்கோ. இறங்க வேணும்."

நான் எழும்பினேன். இறங்கினேன். சந்தோஷப்படுவதற்கே களைப்பாக இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மச்சாளின் அழைப்பு வந்தபோது பிள்ளை வகுப்புக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன். அவளுக்குப் பின்னால் பெண்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. சாப்பாடு எப்படி, அறை எப்படி என்று கேட்டேன். அறை சின்னன், கால் வீங்குது என்றாள். இங்கே மழை இல்லை, பயிர் வாடுது என்றேன். அதற்குப் பிறகு, சொல்லாமல் விட்டால் பழையபடி ஆகிவிடும் என்ற பயத்தில், மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்.

"மச்சாள், பிள்ளை திரும்ப என்னை அம்மா எண்டு கூப்பிடுறாள்."

அவள் பெங்காலிக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"எனக்கு எரியுது, மச்சாள்," என்றாள்.

"எரியட்டும்," என்றேன். "எனக்கு ஏழு வருசம் எரிஞ்சது."